அல்லி கை பட்டால் வலிக்காது

அல்லிக்காவும் நானும் முதன்முதலில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பள்ளியின் கடைசி வேன் கோட்டுச்சேரி பக்கத்தில் பஞ்சராகி நின்றுவிட்டது. வராந்தாவில் ஒன்பது குழந்தைகள் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆயாவான அல்லிக்காவும் பிரெஞ்சு டீச்சரான நானும் மட்டும் இருந்தோம். நான் வேலையில் சேர்ந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"டீச்சர், வெள்ளிக்கெழம நான் வரமாட்டேன். பெரிய டீச்சர்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றார்.

"நீங்களே சொல்லலாமேக்கா."

"போன மாசம் ஒரு லீவு போட்டேன். அதுக்கு முந்துன மாசம் ஒண்ணு. நான் போயி வாசல்ல நின்னாலே, இன்னக்கி யாரு செத்தாங்கன்னு கேக்குறாங்க."

"யாரு செத்தாங்க?"

"பாருங்க, நீங்களும் அதையேதான் கேக்குறீங்க." சிரித்துக்கொண்டே ஒரு குழந்தையின் அவிழ்ந்த ஷூ கயிற்றைக் கட்டினார். "எங்க தெருவுல மளிகக் கட வெச்சிருந்தாரு, பஞ்சநாதன்னு. மஞ்சக்காமால. வெள்ளிக்கெழம கருமாதி. மொத நாள் ராத்திரி அவரு பொண்டாட்டிக்கு நாந்தான் எல்லாம் பண்ணணும்."

"எல்லாம்னா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவே தெரியாமக் கேக்குறீங்களா?"

"என்ன பண்ணுவாங்கன்னு தெரியும்க்கா. யாரு பண்ணுவாங்கன்னு தெரியாது."

"என்னமாரி ஒருத்தி. புருசன் இல்லாதவதான் பண்ணணும். பூ வெச்சி, பொட்டு வெச்சி, கை நெறைய வளையப் போட்டு ஒக்கார வெச்சிருப்பாங்க. நான் கொல்லப்பக்கம் அழச்சிட்டுப் போயி ஒவ்வொண்ணா எடுக்கணும். தாலியக் கழட்டி பால் சொம்புல போடணும்."

ஒரு பையன் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றான். அழைத்துக்கொண்டு போய்விட்டு வந்தார். விட்ட இடத்திலிருந்து தொடராமல் வேறொன்றைக் கேட்டார்.

"நீங்க பாடம் எடுக்குறீங்களே, அந்த பிரான்சு ஊர்ல என்ன பண்ணுவாங்க?"

"முன்னாடியெல்லாம் கறுப்பு உடுத்துவாங்க. ஒரு வருசம், ரெண்டு வருசம். இப்ப அதுவும் இல்ல."

"அப்பறம் ஒருத்திக்குப் புருசன் செத்துட்டான்னு எப்புடித் தெரியும்?"

"அவங்க சொன்னாத்தான் தெரியும்."

"சொல்லலன்னா?"

"தெரியாது."

அல்லிக்கா கொஞ்சம் யோசித்தார். "வாடகைக்கு வூடு கேட்டுப் போனா, வூட்டுக்காரரு வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லிக்கலாம்."

"சொல்லிக்கலாம்."

"தாலி?"

"தாலி கெடையாதுக்கா. மோதிரம்தான்."

"அத யாரு கழட்டுவா?"

"யாரும் கழட்ட மாட்டாங்க. வேணும்னா போட்டுக்கலாம். வேணாம்னா அவங்களே எடுத்துடலாம்."

"முன்ன ஒருத்தி இருந்திருப்பா டீச்சர், என்னமாரி. அவளுக்கு வேல போயிருக்கும்" என்றார். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வேன் வந்தது. ஒன்பது பேரையும் இடுப்பில் தூக்கித் தூக்கி ஏற்றினார். "வெள்ளிக்கெழம, மறந்துடாதீங்க" என்றார்.

நான் மறக்கவில்லை. அதன் பிறகும் இரண்டு வருடங்களில் ஏழெட்டு முறை அவருக்காக லீவு கேட்டிருக்கிறேன். எனக்குப் பேசுவது அவ்வளவாக வராது. பெரிய டீச்சர் முன்னால் போய் நின்று, "அல்லிக்கா நாளைக்கு வரமாட்டாங்க" என்று மட்டும் சொல்வேன். அவரும் தலையை நிமிர்த்தாமல், "யாரு?" என்பார்.

அல்லிக்கா பிறந்தது சுரக்குடியில். அப்பா அம்மா இருவரும் வயல் வேலைக்குப் போனவர்கள். எட்டாவது வரை படித்தார். பதினெட்டு வயதில் கோட்டுச்சேரிக்குப் பக்கத்து ஊரில் இளையபெருமாள் என்ற டிராக்டர் டிரைவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர் என்றுதான் அல்லிக்கா இப்போதும் சொல்கிறார். சம்பா அறுப்பு மாதங்களில் அவர் குடிக்க மாட்டார். மற்ற மாதங்களில் குடிப்பார். எங்கள் காரைக்கால் பகுதியில் சாராயமும் பிராந்தியும் விலை குறைவு. எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்குப் போக வேறு இடமில்லை. அல்லிக்கா தெருவில் நாற்பது வயதுக்குள் புருசனை இழந்த பெண்கள் பதினோரு பேர். ஏன் இறந்தார் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் மஞ்சள் காமாலை என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் யாரும் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை.

இளையபெருமாளும் மஞ்சள் காமாலையில்தான் போனார். அல்லிக்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. மகள் தாமரைச்செல்விக்கு ஐந்து.

அவருக்குச் சடங்கு செய்தவர் மாமனார் வழியில் ஒரு வயதான அம்மாள். வளையலைக் கையில் வைத்தபடியே கல்லால் தட்டி உடைப்பதுதான் அவர் வழக்கம். இடது மணிக்கட்டில் ஒரு கண்ணாடித் துண்டு ஆழமாக இறங்கிவிட்டது. துணியைச் சுற்றிவிட்டார்கள். புதிதாகத் தாலி அறுத்தவள் உடனே தெருவில் இறங்கக் கூடாது என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் கை வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் கையில் சுண்டுவிரல் மடங்காது. குழந்தைகளின் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். எல்.கே.ஜி. பிள்ளைகள் அதைப் பார்த்து, ஆயாம்மா டீ குடிக்கிற மாதிரி டப்பா திறக்கிறார் என்று சிரிப்பார்கள். அவரும் விரலை இன்னும் நன்றாக நீட்டிக் காட்டுவார்.

நான்கு வருடம் கழித்து அவருடைய நாத்தனாருக்கு அதே கதி வந்தது. நாத்தனாருக்கு இருபத்திரண்டு வயது. அதே அம்மாள் கல்லோடு வந்து நின்றபோது, "நீங்க ஒக்காருங்க, நான் பண்றேன்" என்று அல்லிக்கா சொன்னார். அப்படிச் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கவில்லையாம். அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் முக்கி வைத்து வளையல்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். எல்லாவற்றையும் ஈரத் துண்டில் சுற்றி அதற்குப் பிறகு கல்லில் வைத்து உடைத்தார். கையில் வைத்து உடைத்தால்தானே சடங்கு என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார்.

"ஒடையணும், அவ்வளவுதான? ஒடஞ்சிடுச்சி. ஆள ஒடைக்கணும்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?" என்றாராம் அல்லிக்கா.

அதிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிட ஆரம்பித்தார்கள். அல்லி கை பட்டால் வலிக்காது என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பக்கத்துத் தெரு, பக்கத்து ஊர் என்று பரவிற்று. செய்யச் செய்ய அவருக்கென்று ஒரு முறை வந்துவிட்டது. பொட்டை அழுத்தித் துடைக்க மாட்டார். விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்லக் கரைப்பார். பூவைப் பிய்க்காமல் கத்தரிக்கோலால் நூலை வெட்டுவார். மழை நாள் என்றால் முன்கூட்டியே சொல்லி வெந்நீர் போடச் சொல்வார். எல்லாவற்றையும் விட, அந்த நேரம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார். பிள்ளை எத்தனாவது படிக்கிறது, மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது, உங்கள் பக்கம் தண்ணீர் உப்பா என்பது போன்ற பேச்சு.

"அந்த நேரத்துல பெரிய பேச்சு பேசக்கூடாது டீச்சர். சாமி, விதின்னு ஆரம்பிச்சா அந்தப் பொண்ணு ஒடஞ்சிரும். மாட்டப் பத்திக் கேட்டா பதில் சொல்லிக்கிட்டே இருக்கும். பேசிக்கிட்டு இருக்கயிலயே முடிஞ்சிரும்."

முடிந்ததும் குளித்துவிட்டுப் படுக்கப் போக மாட்டார். அப்படியே விடிய விடிய அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கருமாதி காரியங்கள் முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்குப் பள்ளிக் கேட்டில் நிற்பார். அம்மாக்கள் ஸ்கூட்டியிலிருந்து பிள்ளைகளை இறக்கி அவர் கையில் கொடுப்பார்கள். தினமும் அறுபது குழந்தைகள் முதலில் பார்ப்பது அவர் முகத்தைத்தான். ஒரு பொங்கலுக்குப் பள்ளியில் விழா வைத்தார்கள். வந்திருந்த பெண்களுக்கெல்லாம் ஒரு டீச்சர் தட்டில் குங்குமம் நீட்டிக்கொண்டே வந்தார். அல்லிக்கா அருகில் வந்ததும் தட்டு தயங்கிற்று. அல்லிக்கா அந்தத் தட்டை வாங்கி, தனக்கு அடுத்திருந்த அம்மாளிடம் தானே நீட்டிவிட்டு, திருப்பிக் கொடுத்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை. பழகிய வேலை.

எங்கள் வீட்டில் இப்படியெல்லாம் கிடையாது என்று நான் சொல்லமுடியாது. நாங்கள் காரைக்கால் டவுனில் உள்ள கத்தோலிக்கக் குடும்பம். அப்பா இறந்த ஏழாம் நாள் பூசை முடிந்து வந்ததும் பெரியம்மா அம்மாவின் தாலியைக் கழற்றினார். சத்தமில்லை, கல்லில்லை, பாலில்லை. தாலியைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டோம். மூன்று வருடம் கழித்து என் அக்கா முறையுள்ள ஒருத்தியின் நிச்சயத்துக்குப் போனபோது, தட்டு எடுத்து வர எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா பெயரைக் கூப்பிடவில்லை. அம்மா அடுப்படியில் போய் வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டார். இதை அல்லிக்காவிடம் ஒருமுறை சொன்னேன்.

"உங்கள்ள கொஞ்சம் நாகரிகமாப் பண்றாங்க" என்றார்.

அவருக்கு இருந்த ஒரே எண்ணம் தாமரைச்செல்வி இந்தப் பதினோரு பேரோடு பன்னிரண்டாவதாக ஆகிவிடக் கூடாது என்பது. அதற்காகத்தான் டி.பார்ம் படிக்க வைத்தார். தாமரை காரைக்கால் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறாள். அம்மாவின் பிரஷர் மாத்திரையை நான் அங்கேதான் வாங்குவேன். என் வயதுதான் அவளுக்கும். சீட்டைப் பார்த்ததுமே எந்த மாத்திரை, எத்தனை நாளைக்கு என்று கேட்காமல் எடுத்து வைப்பாள். அதிகம் பேச மாட்டாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

மாப்பிள்ளை பார்க்கும்போது அல்லிக்கா கேட்ட ஒரே கேள்வி குடிப்பாரா என்பது. இல்லை என்றார்கள். நவநீதன், திருநள்ளாறுக்கு மேற்கே ஓர் ஊர், சொந்த வேன் வைத்து ஓட்டுகிறவர். கல்யாணத்தின்போது அவர் குடிக்கவில்லை என்பது உண்மைதான். ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஓவியா என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் குடிக்கத் தொடங்கினார். போன வருடம் ஐப்பசியில், முப்பத்து மூன்று வயதில் இறந்தார். மஞ்சள் காமாலை என்று சொன்னார்கள். அந்தச் சொல் வந்தபோது அல்லிக்கா பள்ளியின் பின்பக்கம் குழந்தைகளின் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். ஃபோனை வைத்துவிட்டு, மீதியிருந்த தட்டுகளையும் கழுவி அடுக்கிவிட்டுத்தான் போனார்.

பத்தாம் நாள் அரைமணி நேரம் பள்ளிக்கு வந்தார், லீவு கடிதம் கொடுக்க. அதற்குமுன் அவர் கடிதம் கொடுத்ததே இல்லை. நான்தான் எழுதிக்கொடுத்தேன். எழுதி முடித்ததும் முந்தின நாள் நடந்ததைச் சொன்னார்.

சம்பந்தியம்மாள் அவரைத் தனியாக அழைத்துப் பேசியிருக்கிறார். "பதினஞ்சாம் நாள் ராத்திரி நீயே பண்ணிடு சம்பந்தி. எங்க பக்கம் ஒருத்தி இருக்கா, அவ கை முரட்டுக் கை. ஊரெல்லாம் நீ பண்ற, பெத்த பொண்ணுக்குப் பண்ண மாட்டியா?"

அந்த அம்மாள் மிரட்டவில்லை என்று அல்லிக்கா சொன்னார். மகனைப் பறிகொடுத்தவர். மருமகளுக்குக் கை கிழியக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தார். அதனால்தான் மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. போய் மகளிடம் சொல்லியிருக்கிறார்.

"நான் பண்ணுனா வலிக்காதுடி."

தாமரை அப்போது ஓவியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாளாம். பின்னி முடித்து, பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுப் பதில் சொன்னாள்.

"வலிக்கட்டும்மா. வலிச்சாத்தான் எவளாச்சும் கத்துவா. பதினஞ்சு வருசமா நீ ஒருத்தியையும் கத்தவுடல."

இதைச் சொல்லிவிட்டு அல்லிக்கா என் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவ சொல்றது சரியா டீச்சர்?"

"உங்களாலதான் எத்தனையோ பேரு கை தப்பிச்சிருக்குக்கா" என்றேன்.

"அது இல்ல நான் கேட்டது. நான் போவலன்னா இது நின்னுருக்குமா?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல. நின்னுருக்காதுன்னுதான் தோணுது. ஆனா கல்ல எடுத்துக்கிட்டு வந்தவள ஒரு பொண்ணாச்சும் தள்ளி வுட்டுருப்பா. நான் சோப்புத் தண்ணியோட போனா, என்னைய யாரு தள்ளி வுடுவா?"

கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். வெளியே மழை ஆரம்பித்திருந்தது. குடையை விரிக்காமல் கையில் வைத்தபடி பஸ் நிறுத்தம் வரை நடந்தார்.

பதின்மூன்றாம் நாள் சம்பந்தியம்மாளிடம் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். "என் கை ஓஞ்சிபோச்சி சம்பந்தி" என்று மட்டும்தான் சொன்னாராம். சடங்கே வேண்டாம் என்று சொல்லும் துணிவு தனக்கு இல்லை என்றார் என்னிடம். அங்கே அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். பெற்ற மகள் என்பதால் கை வரவில்லை, பாவம் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் பக்கத்துப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

பதினைந்தாம் நாள் ராத்திரி நான் அங்கே இல்லை. மறுநாள் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். தாமரையைக் கூடத்தில் உட்கார வைத்துப் பூவும் வளையலும் கொண்டுவந்தார்கள். அவள் வேண்டாம் என்றாள். எடுத்துவிடப் போவதை எதற்குப் போட வேண்டும் என்று கேட்டாள். கொல்லைக்கு வரச் சொல்லி, சடங்கு செய்ய வந்த பெண் அவள் தோளைத் தொட வந்தபோது, வாசற்படியில் நின்றிருந்த அல்லிக்கா, "கைய வெக்காத" என்றார். அவ்வளவுதான் அவர் அன்றைக்குப் பேசியது. குரலை உயர்த்தவும் இல்லை. ஊரில் அத்தனை பேருக்குச் செய்தவள் சொல்கிறாளே என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு குழப்பம். கையை எடுத்துக்கொண்டாள்.

தாமரை தன் தாலியைத் தானே கழற்றினாள். பால் சொம்பில் போடவில்லை. எழுந்து போய் மாமியாரிடம், "உங்க புள்ள கட்டுனது. நீங்களே வெச்சிக்குங்க அத்த" என்று உள்ளங்கையில் வைத்தாள். அந்த அம்மாளுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றார். பிறகு சுவரோரமாக உட்கார்ந்து, தாலியை மூடிப் பிடித்துக்கொண்டு, மகன் பெயரைச் சொல்லி அழுதார். மற்றப் பெண்களுக்கு அதற்குமேல் எதுவும் செய்ய மனம் வரவில்லை. ஆனால் போகும்போது நவநீதனின் அத்தை ஒருத்தி சொல்லிவிட்டுப் போனார், பொட்டோடு காலையில் வெளியே வந்தால் ஒருத்தரும் அவள் முகத்தில் முழிக்க மாட்டார்கள் என்று.

சடங்கு நடந்திருந்தாலும் விடியற்காலையில் அப்படித்தான். புதிதாகத் தாலி இழந்தவள் வெளியே வரும்போது சுமங்கலிகளும் கல்யாணமாகாத பெண்களும் ஒதுங்கிக்கொள்வார்கள். முகம் பார்த்தால் அது தங்களுக்கும் வரும் என்ற பயம். கைம்பெண்கள் மட்டும் எதிரில் நிற்பார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்கள் பார்க்கத் தொடங்குவார்கள். தாமரை விஷயத்தில் அந்தக் கொஞ்சம் கொஞ்சமும் கிடையாது என்பதுதான் அத்தை சொன்னதன் பொருள்.

மழையால் அன்றைக்குப் பள்ளிகளுக்கு லீவு. நான் முதல் பஸ்ஸில் போனேன். சாமியானாவில் தண்ணீர் தேங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி ஓரமாக வைத்திருந்தார்கள். ஐயர் இன்னும் வரவில்லை. ஆறரை மணி வாக்கில் தாமரை வாசலுக்கு வந்தாள். நெற்றியில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. வெளிர்நீலப் புடவை. பந்தலில் நின்ற பெண்கள் தெருப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண் திரும்பாமல் நின்றது. அதன் அம்மா அதன் தலையைப் பிடித்துத் திருப்பினாள்.

நான் அவளிடம் போய் காரைக்காலுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். எட்டே காலுக்கு ஒன்று இருப்பதாகவும், மழையில் அது வருமா என்பது சந்தேகம்தான் என்றும் சொன்னாள். ரோட்டில் போய் நின்றால் ஷேர் ஆட்டோ கிடைக்கும் என்றாள். பேசும்போது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. தாமரையும் ஓவியாவும் இப்போது அல்லிக்காவோடு இருக்கிறார்கள். தாமரை பொட்டு வைத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போகிறாள். சில பேர் அவளிடம் மருந்து வாங்காமல் அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள். சம்பந்தியம்மாள் மாதம் ஒருமுறை பேத்தியைப் பார்க்க வருகிறார். மருமகள் போட்டுக் கொடுக்கும் டீயைக் குடிக்கிறார். முகத்தைப் பார்ப்பதில்லை, பிள்ளையைப் பார்த்தபடியே அவளிடம் பேசுகிறார்.

அல்லிக்கா இப்போது எந்த வீட்டுக்கும் போவதில்லை. அதனால் எதுவும் நின்றுவிடவில்லை. தை மாதம் அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்கு வேறு ஒருத்தி வந்து செய்தாள். கையில் வைத்துத்தான் உடைத்தாள். நான்கு தையல். அந்தப் பெண்ணின் அம்மா அல்லிக்கா வீட்டுக்கே வந்து, "ஒன் பொண்ணுக்கு ஒரு ஞாயம், எம்பொண்ணுக்கு ஒரு ஞாயமா? நீ வந்திருந்தா இப்புடி ஆயிருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் பள்ளியில் சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு அல்லிக்கா ஒரே மேஜையை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு கத்துச்சாமா, அக்கா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"கத்துச்சாம். யாரும் கைய வுடல." துணியைப் பிழிந்தார். "தாமர சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன். நான் பண்ணுனதும் தப்புன்னு சொல்ல மாட்டேன். ரெண்டுல எதப் புடிச்சிக்கிட்டுத் தூங்குறதுன்னுதான் தெரியல."

அவருக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. லீவே எடுப்பதில்லை. பெரிய டீச்சர் ஒருநாள் என்னிடம், "உங்க அல்லிக்கா ஊர்ல இப்ப யாரும் சாவறதில்லையா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

அந்தக் காலை நான் எதற்காக அங்கே போனேன் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பதினைந்தாம் நாள் மாலை நான்கு மணிக்கு அல்லிக்கா எனக்கு ஃபோன் செய்தார். மாட்டுக்கொட்டகையில் நின்று பேசுவதாகச் சொன்னார். தகரத்தில் மழை விழும் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவரும் அலுக்காமல் சொன்னார்.

"இன்னக்கி ராத்திரி என்னா நடக்கும்னு எனக்குத் தெரியாது டீச்சர். அவ ஒத்துக்க மாட்டா. இவங்க வுட மாட்டாங்க. எது நடந்தாலும் காலைல அவ வெளிய வருவா. வந்தா எல்லாரும் திரும்பிக்குவாங்க. எங்களமாரி ஆளுங்க பாப்போம், அது கணக்குல இல்ல. நாங்க அவ மொவத்தப் பாக்குறது எங்க மொவத்தப் பாக்குறமாரிதான். நீங்க வரணும். உங்களுக்குக் கல்யாணம் ஆவல, அது எனக்குத் தெரியுது. உங்கம்மாவக் கேட்டுக்கிட்டு வாங்க. அவங்க வேணாம்னா வராதீங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். வந்தீங்கன்னா ஆறுதல் சொல்ல வேணாம், அழுவ வேணாம், கையப் புடிக்க வேணாம். அவ மொவத்த நேராப் பாத்து எதையாச்சும் கேளுங்க. ரோட்டுல போற ஒருத்திகிட்ட கேக்குறமாரி, அவ பதில் சொல்றமாரி ஒண்ணு. அத மட்டும் எனக்காகப் பண்ணுங்க."